முதலில் ஆய்வா, முதலில் வரைவா?

சிங்கப்பூரில் வடிவமைப்புப் பட்டம் படிக்கும் நம் பிள்ளைகளின் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இரண்டு வழிகள்: ஆய்வை முடித்துவிட்டுப் படைப்பது, படைத்துக்கொண்டே ஆராய்வது.

சிராங்கூன் சாலைக் கடைப்பலகைகளின் தமிழ் எழுத்துகளையே எடுத்துக்கொள்வோம். முதல் வழி என்றால், தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தளத்தில், 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைப் புரட்டி விளம்பர எழுத்துகளை ஆண்டுவாரியாக அடுக்கலாம். வாதம் உறுதியாக நிற்கும், வரையத்தான் நேரம் போதாது.

இரண்டாவதில் முதல் வாரமே எழுத்துரு வரைய வேண்டும். தமிழ்நாட்டின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கைபோல் வளைந்து ஒட்டிய ‘னை’யையும், ‘ை’ தனியாக நிற்கும் இன்றைய ‘னை’யையும் அருகருகே வரைந்து பாருங்கள். குறுகிய பலகையில் எது எப்படி இடம்பிடிக்கிறது என்பது கைக்குத்தான் முதலில் புரியும். ஆய்வுக் கேள்வி அங்கேயே பிறக்கிறது. 1993இல் பிரிட்டிஷ் கலைக் கல்வியாளர் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் வடிவமைப்பின் வழியே நடக்கும் ஆய்வு என்று தனியாகப் பிரித்துக் காட்டியது இதைத்தான்.

ஒன்று முக்கியம்: ஒவ்வொரு வரைவையும் தேதியோடு, மாற்றிய காரணத்தோடு பதிந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அழகான எழுத்துரு மிஞ்சும், ஆய்வு மிஞ்சாது.

முதுகலை ஆய்வுக்குப் போக நினைப்பவருக்கு முதல் வழி சரி. மற்றவர்களுக்கு நான் தயங்காமல் இரண்டாவதையே சொல்வேன்.