சிதம்பரமா, மெலட்டூரா, செய்யாறு பக்கத்துக் கூத்தா?

மாசி பிறந்ததிலிருந்து வைகாசி முடியும்வரை தமிழ்நாட்டில் ராத்திரிக் கலைக்குப் பஞ்சமே கிடையாது. அறுவடை முடிந்து களம் காலியாகியிருக்கும், மழை பயம் இருக்காது, பிள்ளைகளின் பரீட்சையும் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வரும். இந்த நான்கு மாதத்தில் ஒரே ஒரு சனி, ஞாயிறைத்தான் ஒதுக்க முடியும் என்று இருப்பவர்களுக்காக மூன்று இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: சிதம்பரம் நாட்டியாஞ்சலி, தஞ்சாவூர் அருகே மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா, வட மாவட்டங்களின் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்து. மூன்றும் கோயிலை ஒட்டியவை, மூன்றுக்கும் டிக்கெட் கிடையாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் முடியும் என்றால் கூத்துக்குப் போங்கள். ஆனால் எல்லோருக்கும் அது ஒத்துவராது. அதனால்தான் மற்ற இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நாள் கணக்கு. நாட்டியாஞ்சலி மகா சிவராத்திரியை ஒட்டி, பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும். வழக்கமாக ஐந்து நாள் என்பதால் சனியோ ஞாயிறோ பெரும்பாலும் மாட்டிவிடும். மெலட்டூரில் முக்கியமான ராத்திரி நரசிம்ம ஜெயந்தி. அது திதிப்படி வருவதால் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ எந்தக் கிழமையிலும் விழலாம். புதன்கிழமை வந்தால் லீவு போட வேண்டியதுதான். பாரதக் கூத்து மட்டும்தான் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதியானது. பங்குனியில் தொடங்கி ஆனி, ஆடி வரை ஏதாவது ஓர் ஊரில் நடந்துகொண்டே இருக்கும். கடைசியில் துரியோதனன் விழும் படுகளமும் தீமிதியும் பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைதான்.

சிதம்பரம் மூன்றிலும் சுலபமானது. ரயில் இருக்கிறது, லாட்ஜ் இருக்கிறது, சாயங்காலம் தொடங்கினால் ராத்திரி படுக்கப் போய்விடலாம். 1981இல் தொடங்கிய விழா இது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும், வெளிநாடுகளிலிருந்தும் பரதநாட்டியக்காரர்கள் வருகிறார்கள். குச்சிப்புடி, ஒடிசி, மோகினியாட்டம், கதக் எல்லாம் ஒரே மேடையில் பார்க்கலாம். நடராசருக்குக் காணிக்கையாக ஆடுவதுதான் இங்கே மரபு. புகழ் பெற்றவரும் நேற்று சலங்கை கட்டியவரும் அடுத்தடுத்து வருவார்கள்.

குறையும் அங்கேதான் இருக்கிறது. ஒரு குழுவுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். வர்ணம் என்ற நீண்ட உருப்படி சூடுபிடிப்பதற்குள் அடுத்த குழு பக்கத்தில் வந்து நிற்கும். நாட்டியம் தெரிந்தவர்களுக்கு இது பசியைக் கிளப்பிவிட்டு இலையை எடுத்த மாதிரி இருக்கும். இன்னொன்று, பல ஆண்டுகள் கோயிலுக்குள்ளேயே நடந்த நாட்டியாஞ்சலி அறக்கட்டளையின் விழா பிறகு வெளியே மேடை போட்டு நடக்கத் தொடங்கியது. கோயிலுக்குள் தீட்சிதர்கள் தரப்பிலும் தனியாக நாட்டியம் நடந்திருக்கிறது. நீங்கள் போகும் வருடம் எந்த மேடை எங்கே என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

சிதம்பரத்தில் நான் விடவே கூடாது என்று சொல்வது மேடையை அல்ல, பகல் நேரக் கோபுர வாசலை. உள்ளே நுழையும் நடையின் இரு பக்கச் சுவரிலும் 108 கரணங்கள், அதாவது நாட்டிய நிலைகள், கீழிருந்து மேலாக அடுக்கியிருக்கும். கிழக்குக் கோபுரத்தில் அந்தச் சிற்பங்களோடு நாட்டிய சாத்திர சுலோகங்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சாயங்காலம் மேடையில் கால் தூக்கும் பெண்ணைப் பார்க்கும்போது, காலையில் கல்லில் பார்த்தது நினைவுக்கு வந்தே தீரும். சிவராத்திரி வாரத்தில் மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று பல ஊர்களில் நாட்டியாஞ்சலி நடக்கிறது. ஒரே குழு இன்று இங்கே, நாளை அங்கே என்று ஆடிக்கொண்டு போவதும் உண்டு. சிதம்பரக் கூட்டம் ஆகாதவர்கள் மயிலாடுதுறைக்குப் போகலாம்.

மெலட்டூர் வேறு மாதிரி. தஞ்சாவூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிற சின்ன ஊர். தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்ப நாயக்கர் தெலுங்கு பேசும் பிராமணக் குடும்பங்களுக்கு நிலமும் வீடும் கொடுத்துக் குடியமர்த்திய ஊர்களில் ஒன்று. 18ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த வெங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாட்டிய நாடகங்களைத்தான் இன்றும் ஆடுகிறார்கள். பெண் வேடமும் ஆண்களே. ஆடுகிறவர்களில் வங்கி வேலைக்காரரும் இருப்பார், கம்ப்யூட்டர் வேலைக்காரரும் இருப்பார். அந்த வாரத்துக்கென்று லீவு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து வேஷம் கட்டுகிறவர்கள் இவர்கள். அப்பா போட்ட வேஷத்தை மகன் போடுவார்.

நரசிம்ம ஜெயந்தி ராத்திரி பிரகலாத சரித்திரம். முதலில் கோமாளியான கோணங்கி குதித்துக்கொண்டு வருவார், பிறகு ஒரு சிறுவன் பிள்ளையார் முகமூடியோடு வருவான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பிரவேச தரு, அதாவது மேடைக்கு வரும்போது பாடும் பாட்டு, உண்டு. இரணியன் வரும்போது பாட்டும் ஜதியும் சேர்ந்து தரையே அதிரும். ஆனால் அந்த ராத்திரியின் உயிர் லீலாவதிதான். கணவனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் கிடந்து தவிக்கும் தாயை ஓர் ஆண் ஆடும்போது, தெலுங்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் தொண்டை அடைக்கும். விடியும் நேரத்தில் நரசிம்மர். அந்த முகமூடி கோயிலில் வைத்துப் பூசை செய்யப்படுவது. அதை அணிகிறவர் விரதம் இருந்து அணிகிறார். ஆவேசம் வந்து இரணியன்மேல் பாய்ந்துவிடாமல் இருக்க அவரை நாலு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அது நடிப்பா என்று கேட்கத் தோன்றாது.

கர்நாடக சங்கீதத்தில் காது பழகியவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு மெலட்டூரைத்தான் சொல்வேன். பழகாதவர்களுக்கு நடுராத்திரிக்கு மேல் கொஞ்சம் கஷ்டம். ஊரில் தங்க இடம் அதிகம் கிடையாது, தஞ்சாவூரில் அறை போட்டுக்கொண்டு விடியற்காலை திரும்புவதுதான் வழி. நரசிம்ம ஜெயந்தி தவறிவிட்டால் அந்த வாரத்தின் மற்ற ராத்திரிகளில் அரிச்சந்திரன், உஷா பரிணயம் போன்ற நாடகங்கள் இருக்கும், சனி, ஞாயிறில் ஏதாவது ஒன்று கிடைக்கும். மே மாதப் புழுக்கத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கூத்து. செய்யாறு, வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் பாரதம் வைத்தால் ஊரே இரண்டு, மூன்று வாரம் அதிலேயே இருக்கும். மத்தியானம் கோயில் பந்தலில் பாரதப் பிரசங்கம். ராத்திரி பத்து மணிவாக்கில் கூத்து தொடங்கினால் விடிந்துதான் முடியும். கதை வரிசைப்படி போகும். முதல் ராத்திரிகளை விட்டுவிட்டுக் கடைசியில் போனாலும் நஷ்டமில்லை. கட்டியக்காரன் இருக்கிறான், முன்கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்து உங்களை உட்காரவைத்துவிடுவான்.

வேஷத்தைப் பக்கத்திலிருந்து பாருங்கள். முகத்தில் அரிதாரம் தீட்டி முடித்த பிறகு தலைக்குக் கிரீடம், தோளுக்குப் புஜக்கட்டை, மார்புக்குப் பதக்கம் என்று ஒவ்வொன்றாக ஏறும். எல்லாம் மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்தவை. அந்தப் பாரத்தோடு இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, திரை விலகியதும் கிறுகிறுவென்று சுற்றத் தொடங்குவார்கள். முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் காதைத் துளைக்கும். துகிலுரிதல் அன்று துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிட்டுக்கொள்வதுண்டு. ஆடுவதுகூடப் பாவமாகிவிடக் கூடாது என்ற பயம் அவருக்கும் உண்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் உண்டு.

ஒரு ராத்திரிதான் முடியும் என்றால் பாரதப் போரின் கடைசி நாளான பதினெட்டாம் போர். சனி ராத்திரி முழுக்க ஆடிவிட்டு, ஞாயிறு காலை வேஷத்தோடேயே படுகளத்துக்கு வருவார்கள். அங்கே மண்ணால் செய்த துரியோதனன், தென்னை மர நீளத்துக்கு மல்லாந்து படுத்திருப்பான். தொடைப் பக்கம் சிவப்புத் தண்ணீர் ஊற்றிய பானை புதைத்திருக்கும். வீமனும் துரியோதனனும் அந்த உடம்பைச் சுற்றியும் அதன் மேலேறியும் துரத்திக்கொள்வார்கள், ஊரே கூட ஓடும். தொடை பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிப்பாள். சில ஊர்களில் காந்தாரி ஒப்பாரி வைப்பாள். அதைக் கேட்டு அழுகிற பெண்கள் துரியோதனனுக்காகவும் அழுகிறார்கள். முடிந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். சாயங்காலம் தீமிதி.

மற்ற இரண்டு இடத்திலும் நீங்கள் பார்வையாளர். இங்கே ராத்திரியில் பாய் விரிக்க இடம் கொடுப்பார்கள், காலையில் எந்த ஊர் என்று விசாரிப்பார்கள், மத்தியானம் சாப்பிடச் சொல்வார்கள். நான் கூத்தின் பக்கம் சாய்வதற்கு இதுதான் முதல் காரணம். அப்புறம், இந்த ஆட்டக்காரர்களின் பிழைப்பே இந்தச் சில மாதங்களில்தான் இருக்கிறது. பத்து ரூபாயோ நூறு ரூபாயோ, கூத்தாடும் களரியில் பேர் சொல்லி அன்பளிப்பு கொடுத்தால் பாட்டுக்கு நடுவில் வாழ்த்துவார்கள். தயங்காமல் கொடுங்கள்.

சின்னக் குழந்தைகளோ, ராத்திரி கண்விழிக்க முடியாத பெரியவர்களோ கூட வந்தால் சிதம்பரமே சரி. கழிப்பறை வசதி, தூக்கம், சாப்பாடு எல்லாவற்றிலும் கூத்துதான் கடைசி. பெண்கள் தனியாகப் போவதைவிட, அந்தப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைத் தெரிந்துகொண்டு போவது சௌகரியம்.

கூத்து எங்கே, என்றைக்கு என்று கண்டுபிடிப்பதற்குக் கொஞ்சம் அலைய வேண்டும். பங்குனி கடைசியில் செய்யாறு, வந்தவாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சுவர்களைப் பாருங்கள், டீக்கடையில் கேளுங்கள். மஞ்சள் நோட்டீஸில் எந்த ராத்திரி என்ன கூத்து, எந்த ஜமா (கூத்துக் குழு), படுகளம் என்றைக்கு என்று எல்லாம் அச்சடித்திருக்கும். கோயில் தர்மகர்த்தாவின் போன் நம்பரும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். கிளம்பும் முன் அவருக்கு ஒரு போன் போட்டு, படுகளம் காலை எத்தனை மணிக்கு என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.