ஈஎஸ்எக்ஸ்ஐ எந்த டிரைவில் இருக்கிறது? கண்டுபிடிக்கும் வழிகளில் எதை எதற்கு நம்பலாம்

சர்வரிலிருந்து ஒரு டிஸ்க்கைக் கழற்றும் முன்பும், சும்மா கிடப்பதுபோல் தெரியும் டிரைவில் டேட்டாஸ்டோர் (விர்ச்சுவல் மெஷின்களின் கோப்புகளை வைக்கும் இடம்) போடும் முன்பும் ஹைப்பர்வைசர், அதாவது விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ, எதில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஈஎஸ்எக்ஸ்ஐ பெரும்பாலும் நினைவகத்தில் ஏறி ஓடுவதால், பூட் டிரைவ் போனாலும் பல நேரம் ஹோஸ்ட் உடனே விழாது. விர்ச்சுவல் மெஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த ரீபூட்டில்தான் விஷயம் வெளியே வரும்.

பெரும்பாலானோர் முதலில் போவது வெப் இடைமுகத்துக்கு. ஸ்டோரேஜ், அதில் டிவைசஸ், ஒரு டிஸ்க்கைச் சொடுக்கினால் பார்ட்டிஷன் படம் வரும். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை இடும் இணைப்பு) வேண்டாம் என்பது இதன் பெரிய வசதி. 6.x பதிப்புகளில் 250 எம்பி அளவில் இரண்டு பூட்பேங்க்குகள் (ஈஎஸ்எக்ஸ்ஐ பூட் ஆகும் பார்ட்டிஷன்கள்) இருக்கும். 7.0 முதல் 100 எம்பி சிஸ்டம் பூட் பார்ட்டிஷன், ஒரே அளவில் இரண்டு பூட்பேங்க்குகள், ஓஎஸ்டேட்டா (பதிவுகள் முதலியவை சேரும் பார்ட்டிஷன்) என்று அமைப்பு மாறியது. பூட்பேங்க்கின் அளவு மீடியாவைப் பொறுத்தது: 10 ஜிபிக்குள் என்றால் 500 எம்பி, 32 ஜிபி வரை 1 ஜிபி, அதற்கு மேல் 4 ஜிபி.

படம் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் அது சொல்வது இந்த டிஸ்க்கில் ஈஎஸ்எக்ஸ்ஐ எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும். இப்போது ஓடுவது இதிலிருந்துதானா என்பதை அது சொல்லாது. எஸ்டி கார்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு பழைய கார்டை அப்படியே விட்டுவைத்த சர்வரில் இரண்டிலும் அச்சாக இதே படம்தான் தெரியும். ‘சின்னதாக இருப்பதுதான் பூட் டிரைவ்’ என்ற ஊகமும் உதவாது. பெரிய ரெய்டு வால்யூமிலேயே நிறுவி, மீதியை டேட்டாஸ்டோராக வைத்திருப்பவர்கள் நிறைய.

எஸ்எஸ்எச் திறக்க முடிந்தால் நான் முதலில் சொல்வது ‘ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ ஸ்டோரேஜ் கோர் டிவைஸ் லிஸ்ட்’ கட்டளையைத்தான். ஒவ்வொரு டிரைவுக்கும் ‘இஸ் பூட் டிவைஸ்’ என்று ஒரு வரி வரும். ‘ட்ரூ’ என்று இருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது. அதே இடத்தில் அளவு எம்பியில், தயாரிப்பாளர், மாடல், ‘இஸ் யூஎஸ்பி’, ‘இஸ் எஸ்எஸ்டி’ எல்லாம் கிடைத்துவிடும். வெளியீடு நீளம் என்று கிரெப் (வரி வடிகட்டும் கட்டளை) போட்டு ‘டிஸ்ப்ளே நேம்’ வரியை வடிகட்டினால், ‘ஹேஸ் செட்டபிள் டிஸ்ப்ளே நேம்: ட்ரூ’ என்ற வரியும் கூடவே வந்து நிற்கும். அவசரத்தில் அந்த ட்ரூவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இதற்கு இணையான இன்னொரு வழி, ‘விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ்’ கட்டளைக்குப் பெரிய எழுத்து பி (-P) கொடுத்து ‘/பூட்பேங்க்’ பாதையைக் கேட்பது. வெளியீட்டின் கடைசியில் ‘எம்பிஎக்ஸ்.விஎம்எச்பிஏ32:சி0:டி0:எல்0:5’ என்பதுபோல் ஒரு பெயர் வரும். கடைசி முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது பார்ட்டிஷன் எண், அதற்கு முன்னால் உள்ளதுதான் டிரைவ். எண் 5 என்றாலும் 6 என்றாலும் கவலை வேண்டாம். அப்டேட் செய்யும்போது இரண்டு பூட்பேங்க்குகளும் முறை மாறிக்கொள்ளும்.

இரண்டில் எது மேல்? எந்த டிரைவ் என்று தெரிந்தால் போதும் என்றால் முதலாவது. ஆனால் பூட்பேங்க் வழி மட்டுமே காட்டிக்கொடுக்கும் ஒரு கோளாறு உண்டு. பூட் டிரைவ் நேரத்துக்குத் தெரியவில்லை என்றாலோ, தொடர்பு அறுந்துபோனாலோ ‘/பூட்பேங்க்’ இணைப்பு ‘/டெம்ப்’பைக் காட்டத் தொடங்கிவிடும். அப்போது வெளியீட்டில் டிரைவ் பெயருக்குப் பதில் ‘வைசர்எஃப்எஸ்’ (நினைவகத்தில் மட்டும் இருக்கும் ஃபைல்சிஸ்டம்) என்று வரும். ஹோஸ்ட் நன்றாக ஓடுவதுபோல் தெரிந்தாலும், செய்யும் அமைப்பு மாற்றங்கள் டிரைவில் பதிவாகாமல் ரீபூட்டில் காணாமல் போகும். ஆகவே டிஸ்க்கில் கை வைக்கும் நாளில் இரண்டையும் ஓட்டிப் பார்த்து, ஒரே பெயர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள்.

‘ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ சிஸ்டம் பூட் டிவைஸ் கெட்’ கட்டளை பெயரில் சொல்வதைவிடக் குறைவாகவே தருகிறது: பூட் ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடி (தனி அடையாள எண்), அவ்வளவுதான். ஹோஸ்ட் நெட்வொர்க் வழியாக பூட் ஆகியிருந்தால் மட்டும் இதற்கு மதிப்பு உண்டு, ஏனெனில் எந்த நெட்வொர்க் கார்டு என்று அதில் தெரியும்.

நிறைய ஹோஸ்ட்கள் இருந்தால் பவர்சிஎல்ஐயில் (விஎம்வேரின் பவர்ஷெல் கட்டளைத் தொகுப்பு) ‘கெட்-ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ’ மூலம் அதே டிவைஸ் லிஸ்ட்டை எல்லாவற்றிலும் ஓட்டலாம். ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்எச் திறக்க வேண்டியதில்லை. 7.0 அப்டேட் 3 முதல் எஸ்டி கார்டையும் யூஎஸ்பியையும் மட்டும் நம்பி பூட் செய்வதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள் என்பதால், எந்தெந்த ஹோஸ்ட் இன்னும் அவற்றில் இருக்கிறது என்று கணக்கெடுக்க இதுவே கைகொடுக்கும்.

இவை எல்லாம் ஈஎஸ்எக்ஸ்ஐ பார்க்கும் பெயரோடு நின்றுவிடும். ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் இருந்தால், டெல்லின் பாஸ் கார்டில் (பூட் டிரைவ்களுக்கான சிறு ரெய்டு கார்டு) மிரர் செய்த இரண்டு எம்.2 டிரைவ்கள் உட்பட, அதன் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு விர்ச்சுவல் டிஸ்க். எந்த ஸ்லாட், எந்த சீரியல் எண் என்பதை சர்வரின் சொந்த நிர்வாக இடைமுகமான ஐடிராக் (டெல்) அல்லது ஐலோவில்தான் (எச்பிஇ) பார்க்க வேண்டும். கன்ட்ரோலரும் டிரைவரும் ஆதரித்தால், நேரடியாக இணைத்த டிரைவின் விளக்கை ‘ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐ ஸ்டோரேஜ் கோர் டிவைஸ் செட்’ கட்டளையில் எல்இடி நிலையை ‘லொகேட்டர்’ என்று வைத்து எரியவிடலாம். கழற்றப் போகும் டிரைவை எரியவிடுவதோடு, பூட் டிரைவையும் ஒருமுறை எரியவிட்டு அது வேறு ஸ்லாட்டில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டே இழுங்கள்.