மத்தேராவில் நின்ற இரண்டு சிலுவைகள்

தெற்கு இத்தாலியில் மத்தேரா என்று ஒரு பழைய ஊர். பாறையைக் குடைந்த வீடுகள், செங்குத்தான படிக்கட்டுச் சந்துகள், எதிரே ஆழமான பள்ளத்தாக்கு. பழைய எருசலேம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எவருக்கும் தோன்றும். இயேசுவின் மரணத்தைச் சொல்லும் இரண்டு பெரிய படங்களின் முக்கியக் காட்சிகள் இங்கேதான் எடுக்கப்பட்டன. ஒன்று பியர் பாவ்லோ பசோலினி 1964-இல் எடுத்த ‘மத்தேயு எழுதிய சுவிசேஷம்’. இன்னொன்று 2004-இல் வந்த மெல் கிப்சனின் ‘தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்’. இரண்டையும் லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டிலும் அழுதிருக்கிறேன். ஆனால் பெரிய வெள்ளிக்கு எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால், இப்போது தயங்காமல் பசோலினியின் படத்தைத்தான் சொல்வேன்.

கிப்சன் படத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் இல்லை. லெந்து தொடங்கும் சாம்பல் புதன் அன்று அது திரைக்கு வந்தது. பாடுபடும் தாசனைப் பற்றிச் சொல்லும் ஏசாயா 53-ஆம் அதிகார வசனத்தோடு தொடங்குகிறது. இயேசு கைதான கெத்செமனே தோட்டத்திலிருந்து கல்லறை வரை, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்தை இரண்டு மணி நேரப் படமாக ஆக்கியிருக்கிறார்கள். நடிகர்கள் அரமேயமும் லத்தீனும் பேசுகிறார்கள். அதனால் நமக்குப் பழகிப்போன வசனங்கள்கூட முதல்முறை கேட்பதுபோல வந்து விழுகின்றன.

அந்தப் படத்தின் உயிர் மரியாள்தான். மாயா மோர்கென்ஸ்டெர்ன் என்ற ருமேனிய யூத நடிகை நடித்திருக்கிறார். சிலுவையோடு மகன் தெருவில் விழும்போது, சிறுவயதில் அவர் விழுந்ததும் தாய் ஓடிப்போய்த் தூக்கியதும் நினைவாக வந்து கலக்கிறது. அவள் இப்போதும் ஓடுகிறாள். “இதோ, நான் சகலத்தையும் புதிதாக்குகிறேன்” என்று மகன் சொல்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தில் சிங்காசனத்தில் வீற்றிருப்பவர் சொல்லும் வார்த்தை அது. வேதத்தின்படி அந்தத் தெருவில் அது சொல்லப்படவில்லை. ஆனாலும் அந்த இடத்தில் அதைக் கேட்கும்போது எனக்கு எந்த ஆட்சேபமும் எழவில்லை. அடிபட்டுக் கிடக்கும் மனிதர் யார் என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

சிக்கல் சாட்டையடியில் இருக்கிறது. மாற்கு அதை “இயேசுவையோ வாரினால் அடித்து” என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறார். மத்தேயுவும் அப்படித்தான். லூக்காவில், தண்டித்து விடுதலையாக்குகிறேன் என்று ரோம ஆளுநர் பிலாத்து சொல்வது மட்டும்தான் இருக்கிறது. கிப்சன் அதை நிமிடக்கணக்கில் நீட்டுகிறார். பிரம்பு, அப்புறம் கூர் முனைகள் பதித்த சாட்டை, பிய்ந்து வரும் சதை, சிரிக்கும் சேவகர்கள். முதல்முறை பார்க்கும்போது ‘எனக்காக’ என்ற நினைவு நெஞ்சை அடைக்கிறது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் மனம் தன்னைக் காத்துக்கொள்ளக் கண்ணை மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் நான் ஆண்டவரை நினைக்கவில்லை, இது எப்போது முடியும் என்றுதான் நினைத்தேன். சுவிசேஷகர்கள் நால்வரும் காயங்களைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எழுதியது எதனால் என்று எனக்குப் புரிந்தது இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான்.

படத்தின் பல காட்சிகள் வேதத்துக்கு வெளியிலிருந்து வந்தவை. பிலாத்துவின் மனைவி கொடுத்த துணியால் மரியாள் தரையிலுள்ள இரத்தத்தைத் துடைப்பது எம்மெரிக் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரீயின் தரிசனங்களில் வருவது. முகம் துடைக்கும் பெண் கத்தோலிக்கரின் சிலுவைப்பாதையில் இருப்பவர். அவை என்னைத் தொந்தரவு செய்யவில்லை, அன்பிலிருந்து பிறந்தவை. என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. “பிதாவே, இவர்களுக்கு மன்னியும்” என்று சிலுவையில் இயேசு ஜெபிக்கிறார். சற்று நேரத்தில், அவரைப் பரியாசம் செய்த கள்ளனின் கண்ணை ஒரு காக்கை வந்து கொத்துகிறது. எந்தச் சுவிசேஷத்திலும் இது இல்லை. மன்னிப்பு கேட்கப்பட்ட அதே மேட்டில் உடனடித் தண்டனை எதற்கு? அந்த ஜெபத்தைப் படமே நம்பவில்லையோ என்று நினைக்க வைத்த இடம் அது.

பிரதான ஆசாரியர் காய்பாவையும் கூட்டத்தையும் கிப்சன் காட்டிய விதம் பற்றி யூதர்கள் வருந்தியது நியாயமான வருத்தம். “இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும்” என்ற கூக்குரல் அரமேயத்தில் கேட்கிறது, மொழிபெயர்ப்பு மட்டும் திரையில் வருவதில்லை. அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு நூற்றாண்டுகளாக யூதர்களுக்குச் செய்யப்பட்ட கொடுமைகளை ஒரு கிறிஸ்தவர் மறக்கக் கூடாது.

இனி பசோலினி. அவர் விசுவாசி இல்லை, மார்க்சியவாதி. ஆனாலும் படத்தை போப் 23-ஆம் அருளப்பரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். கறுப்பு வெள்ளைப் படம். நடித்தவர்களில் பெரும்பாலோர் நடிகர்கள் அல்லர். இயேசுவாக வந்த என்ரிகே இராசோகி ஸ்பெயினைச் சேர்ந்த மாணவர், வயது இருபதுகூட ஆகவில்லை. வயதான மரியாளாக வருபவர் பசோலினியின் சொந்தத் தாய் சுசன்னா. வசனங்கள் ஏறக்குறைய அப்படியே மத்தேயுவிலிருந்து எடுத்தவை.

இந்தப் படத்தின் இயேசு ஓயாமல் பேசுகிறார். வேகமாக நடந்துகொண்டே, திரும்பிப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார். மலைப் பிரசங்கத்தில் அந்த முகம் மட்டும் திரையை நிறைக்கிறது, பின்னால் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கிறது. வேதபாரகரை நோக்கி “ஐயோ” என்று அவர் சொல்லும்போது நமக்கே பயமாக இருக்கிறது. அதனால் அவர் கைதாகும்போது ‘இவரைக் கொல்லாமல் விடமாட்டார்கள்’ என்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. எதற்காகக் கொல்கிறார்கள் என்பதும் தெரியும். கிப்சன் படத்தில் அடிபடுகிறவரின் போதனை சின்னச் சின்ன நினைவுக்காட்சிகளாக மட்டுமே வருகிறது. வேதம் அறியாத ஒருவர் அதைப் பார்த்தால், இவ்வளவு வெறுப்பு ஏன் என்று கேட்கத்தான் செய்வார்.

விசாரணையைப் பசோலினி தூரத்திலிருந்து, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்ப்பதுபோல் காட்டுகிறார். முகம் சரியாகத் தெரியாது, பேச்சு மட்டும் கேட்கும். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்துவிட்டு அழுத சீஷர் பேதுருவும் இப்படித்தானே நின்றிருப்பார்? நாமும் அங்கே ஒன்றும் செய்யாமல் நிற்கிறோம். சிலுவையில் இரத்தம் அதிகம் இல்லை. உயிர் பிரியும் கட்டத்தில் திரை முழுவதும் இருண்டுபோகிறது. “காதாரக் கேட்டும் உணராதிருப்பீர்கள், கண்ணாரக் கண்டும் அறியாதிருப்பீர்கள்” என்ற தீர்க்கதரிசனம் மட்டும் ஒலிக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று வந்தவனுக்கு அதைவிடக் கடுமையான வார்த்தை இல்லை.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு இரண்டுமே பொருந்தாது. அவர்களுக்கு ஜெஃபிரெல்லி 1977-இல் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘ஜீசஸ் ஆஃப் நாசரேத்’ இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடும், பகுதி பகுதியாகப் பார்க்கலாம். சிலுவையின் கீழே நின்று நிக்கொதேமு ஏசாயா 53-ஐச் சொல்லும் காட்சிக்காகவே பார்க்கலாம். லூக்கா சுவிசேஷத்தை வைத்து 1979-இல் வந்த ‘இயேசு’ படம் தமிழிலும் கிடைக்கிறது. எளிமையானது, சுவிசேஷத்தை முதன்முதலாகக் கேட்பவருக்கு ஏற்றது.

கடைசியில் உயிர்த்தெழுதல். கிப்சன் அதற்கு ஒரு நிமிடம்தான் கொடுக்கிறார்: சரியும் கல், வெறுமையான சீலை, ஆணி துளைத்த கை. பசோலினியின் படத்தில் ‘மிஸ்ஸா லூபா’ என்ற காங்கோ வழிபாட்டுப் பாடல் முழங்க, வெறுமையான கல்லறையைக் கண்டவர்களும் சீஷர்களும் வெளிச்சத்தில் ஓடுகிறார்கள். இயேசு அவர்களிடம் பேசுகிறார், “உலகத்தின் முடிவுபரியந்தம் சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்” என்கிறார். மத்தேயு முடிக்கிற இடத்திலேயே படமும் முடிகிறது. விசுவாசியல்லாத ஒருவர் எடுத்த படம் என்னை ஜெபத்துக்கு அனுப்பியது அங்கேதான்.