எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஸ்லோ குக்கர்: மூன்று வருட அனுபவம்

ஆபரேஷன் முடிந்து ஏழாவது வாரம். இனி கோழி சாப்பிடலாம் என்று டயட்டீசியன் சொன்ன அன்றைக்கே பிரஷர் குக்கரில் நெஞ்சுக்கறி வேக வைத்தேன். பிய்த்து, நன்றாக மென்று விழுங்கியது இரண்டே வாய்தான். நெஞ்சுக்குழியில் கல் வைத்ததுபோல அடைத்துக்கொண்டது. வாயில் எச்சில் நுரை நுரையாக ஊறியது. அரை மணி நேரம் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாந்தி எடுத்த பிறகுதான் அடங்கியது. அதற்கப்புறம் மூன்று வாரம் கறியைப் பார்த்தாலே பயம்.

எனக்கு நடந்தது ஸ்லீவ் ஆபரேஷன். 2021 கடைசியில் கோவையில் செய்துகொண்டேன். அப்போது 112 கிலோ இருந்தேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழ அளவுக்குத்தான் விட்டுவைக்கிறார்கள். அதற்குள் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் போக வேண்டும். முதலில் புரதம், அப்புறம் காய், இடமிருந்தால் சோறு. சோற்றைச் சுற்றியே தட்டுப் போடும் நம் வீடுகளில் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவருவது சாதாரண வேலை இல்லை. கறிக்குப் பயந்து கஞ்சியிலேயே நின்ற அந்த மூன்று வாரத்தில் தலைமுடி கைகையாகக் கொட்டியது. வேகமாக எடை இறங்குவதால் முடி கொட்டுவது எல்லோருக்கும் நடப்பதுதான், ஆனால் புரதமும் குறைந்தால் இன்னும் மோசமாகும் என்றார்கள்.

அந்தச் சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பி, கரண்டில் மெதுவாக வேக வைக்கும் இந்த ஸ்லோ குக்கரைக் கொண்டுவந்தான். மூன்றரை லிட்டர், உள்ளே பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, ஒரே ஒரு திருகு. லோ, ஹை, வார்ம், அவ்வளவுதான். அங்கேயும் 230 வோல்ட் என்பதால் பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டோம். 200 வாட் என்று அடியில் போட்டிருக்கிறது. எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட் சுமார்தான் ஆகும்.

புதுப் பொருளாகத் தெரிந்தாலும் விஷயம் நமக்குப் பழையதுதான். எங்கள் அம்மாயி மண்சட்டியில் பாலை ஊற்றி வறட்டிக் கணப்பில் வைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார். சாயங்காலம் வந்து பார்த்தால் பழுப்பு நிறத்தில் விரல் தடிமன் ஆடை கட்டியிருக்கும். மெதுவான சூடு, நீண்ட நேரம், யாரும் கிளறுவதில்லை. ஸ்லோ குக்கரும் அதைத்தான் செய்கிறது. லோவில் வைத்தாலும் ஹையில் வைத்தாலும் கடைசியில் ஏறக்குறைய அதே கொதிநிலைக்குப் பக்கத்தில்தான் போய் நிற்கும். போய்ச் சேர எடுக்கும் நேரம்தான் வேறு.

அதிகம் செய்தது வெள்ளாட்டுக்கறிதான். அரைக் கிலோ முன்னங்கால் கறி, எலும்போடு. சின்ன வெங்காயம் ஒரு கை, இஞ்சி, பூண்டு, மல்லி, சீரகம், மிளகு. இவற்றைக் கொஞ்சம் கடலை எண்ணெயில் முன்பே வதக்கி அரைத்துக்கொள்வேன். வதக்காமல் போட்டால் எட்டு மணி நேரம் வெந்தாலும் பச்சை வாசம் போகாது. முதல் மாதம் முழுக்க இந்தத் தப்பைத்தான் செய்தேன். அரை டம்ளர் தண்ணீர் போதும், மூடி இறுக்கமாக இருப்பதால் வற்றவே வற்றாது. காலை எட்டரைக்கு லோவில் வைத்துவிட்டு சென்னிமலைக்குக் கிளம்பிவிடுவேன், அங்கே ஒரு போர்வைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஐந்து மணிக்கு வந்து மூடியைத் திறந்தால் எலும்பு தனியாகக் கழன்று கிடக்கும். கரண்டியின் முனையால் லேசாகத் தொட்டாலே கறி இழை இழையாகப் பிரியும், ஒவ்வொரு இழையும் ஈரமாக மினுமினுக்கும். அந்த ஈரம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு உயிர். எலும்பைச் சுற்றியிருக்கும் சவ்வு மெதுவான சூட்டில் கரைந்து வழவழப்பாகிக் கறியோடு சேர்ந்துவிடுகிறது. நெஞ்சுக்கறியில் அந்தச் சவ்வு மிகக் குறைவு. அதனால் கோழியில் லெக் பீஸ் மட்டும்தான் வாங்குவேன், நெஞ்சுக்கறி இதில் போட்டாலும் வறண்டுதான் போகும்.

இந்தக் கறியை முதன்முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில், குழந்தைகளுக்கு ஊட்டும் ஸ்பூனால் இருபத்தைந்து நிமிடம் எடுத்துச் சாப்பிட்டேன். கூடவே தண்ணீர் குடிக்கவில்லை, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். அடைக்கவில்லை. அத்தை எதிரிலேயே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எறங்குச்சா அம்மிணி?" என்று கேட்டார். இறங்கிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது.

நம் சமையலுக்குத் தகுந்தபடி சிலவற்றை மாற்ற வேண்டியிருந்தது. பட்டை, கிராம்பைப் பாதியாகக் குறைத்தேன், நீண்ட நேரத்தில் காரம் ஏறிவிடுகிறது. தேங்காய் அரைத்து ஊற்றுவதும் தயிர் சேர்ப்பதும் கடைசி அரை மணி நேரத்தில்தான். கேரட், உருளைக்கிழங்கு மாதிரியான காய்கள் கறியைவிட மெதுவாக வேகும், அவை சட்டியின் அடியில் இருக்க வேண்டும். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஒரு தடவை திறந்தால் இருபது நிமிடச் சூடு போய்விடும்.

பருப்பு வகைக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கொள்ளும் பச்சைப்பயறும் பிரஷர் குக்கரிலேயே வேகமாக, நன்றாகக் குழைகின்றன. ராஜ்மா போடுவதாக இருந்தால் கட்டாயம் ஒன்று செய்ய வேண்டும். ராத்திரி ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே இதில் போட வேண்டும். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. மெதுவான சூட்டில் அது அழியாது, கடுமையான வாந்தியில் கொண்டுபோய் விடும்.

ஆட்டுக்கால் சூப் இதில் அற்புதமாக வரும். ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் ஆறியதும் ஜெல்லிபோல உறையும். ஆபரேஷன் ஆனவர்கள் பலர் அதைக் குடித்துவிட்டுப் புரதம் ஆயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஜெல்லியில் இருப்பது முழுமையான புரதம் இல்லை, உடம்புக்கு வேண்டிய ஓர் அமினோ அமிலம் அதில் அறவே கிடையாது. தொண்டைக்கு இதமாகக் குடியுங்கள், கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள். தண்ணியாக இறுத்த கொள்ளு ரசமும் அதே மாதிரிதான்.

மின்தடை பெரிய தலைவலி. பராமரிப்பு நாளில் காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் இருக்காது, அந்தத் தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும், வைக்க மாட்டேன். சொல்லாமல் போகும் நாள்தான் ஆபத்து. ஒரு நாள் பத்து மணிக்குப் போன கரண்ட் ஒன்றரைக்குத்தான் வந்திருக்கிறது. என்னுடையது திருகு மாடல் என்பதால் அதுவாகவே மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று அத்தை சொன்னார். பாதி வெந்து வெதுவெதுப்பாகக் கிடந்த கறியில் கிருமிகள் விட்டுப்போகும் நச்சு சிலது கொதித்தாலும் போகாது. முக்கால் கிலோ நாட்டுக்கோழியை மனசு கேட்காமல் கொட்டினேன். இப்போது பக்கத்து பிளக்கில் ஒரு சின்ன டிஜிட்டல் கடிகாரம் வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் அது பன்னிரண்டு மணி காட்டி மின்னும்.

இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒன்றரை வருடத்தில் 71 கிலோவுக்கு வந்திருந்தேன். அதற்கடுத்த வருடம் எதுவும் மாறாததுபோல இருந்தும் நாலு கிலோ ஏறியது. டயட்டீசியன் என்னிடம் ஒரு வாரச் சாப்பாட்டை எழுதி வாங்கிப் பார்த்தார். அரிசிம்பருப்புச் சாதத்தை இதில் குழைய வைத்து, கறியை மசித்துக் குழம்போடு கலந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு மிருதுவானது வயிற்றில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், சீக்கிரம் மறுபடி பசிக்கும், அளவும் கூடிவிடும். முதல் வருடம் என்னைக் காப்பாற்றிய மிருதுத்தன்மையே பின்னால் எதிராகத் திரும்பியிருக்கிறது. எனக்கு அது அதிர்ச்சிதான், ஆனால் யோசித்தால் நியாயமாகத்தான் பட்டது.

இப்போது எட்டு மணி நேரத்துக்குப் பதில் ஆறு மணி நேரம். துண்டைத் துண்டாகவே எடுத்து, குழம்பு வடித்துவிட்டு, கடித்து மெல்லும்படி வைத்த பீன்ஸ் பொரியலோடு சாப்பிடுகிறேன். சாதம் சட்டிக்குள் போவதில்லை. ஐந்து மாதத்தில் மூன்று கிலோ இறங்கியிருக்கிறது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் எப்போதும்போல உண்டு, அவை ஆயுளுக்கும்தான். ஆக, ஆபரேஷன் முடிந்த முதல் வருடத்துக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் வேக வைக்கிறோம் என்பதில் கண் இருக்க வேண்டும்.

வாங்குவதானால் அளவைப் பார்த்து வாங்குங்கள். பாதிக்கு மேல் நிரம்பினால்தான் சீராக வேகும். தனக்கு மட்டும் சமைக்கிறவர்களுக்கு ஒன்றரை லிட்டரே தாராளம், நாலு பேர் வீட்டுக்கு மூன்றரை. என்னுடைய முதல் சட்டி போன வருடம் விரிசல் விட்டுவிட்டது, சூடு ஆறுவதற்குள் குழாய்த் தண்ணீரைப் பிடித்தது என் தப்புதான். பிரிட்ஜிலிருந்து எடுத்த சட்டியை நேராகச் சூட்டில் வைத்தாலும் இதே கதிதான். அந்த மாடலுக்கு உள்சட்டி இங்கே கிடைக்காமல் தம்பி மறுபடி ஊருக்கு வரும்வரை ஏழு மாதம் காத்திருந்தேன். அதனால் உள்சட்டி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.