பனஞ்சிலாகைக் கோழிக்கூடு: 2022 முதல் இன்றுவரை

எங்கள் அடிவளவில் நிற்கும் கோழிக்கூடு 2022 கடைசியில் அடித்தது. முட்டை விலை ஏறிக்கொண்டே போன காலம். அடுத்த வருடம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கும் நிலைக்கே இலங்கை வந்தது ஞாபகமிருக்கும். அப்போது அயலட்டையில் பலர் கூடு அடித்தார்கள். அதில் பாதி இப்போது விறகாகிவிட்டது. எங்களுடையது இன்னும் நிற்கிறது என்பதால், என்ன தாங்கியது, என்ன தாங்கவில்லை என்று எழுதுகிறேன்.

தாங்கியதில் முதலாவது பனை. பழைய ஓட்டு வீடொன்றின் கூரையைப் பிரித்தபோது வந்த சிலாகைகள், அதாவது ஒடுங்கிய பனஞ்சட்டங்கள், அவை. வீடு திருத்துகிறவர்கள் வேலியோரம் அடுக்கிவைத்து, யாராவது கொண்டுபோனால் போதும் என்றிருப்பார்கள். மரக்காலையில் புது மரத்துக்குச் சொல்லும் விலைக்கு இது சும்மா மாதிரி. வைரம் பாய்ந்த கறுப்புப் பக்கத்தில் கறையான் இலேசில் வாய் வைக்காது. மெதுவான சோற்றிப் பக்கத்தைச் சீவி எறிந்துவிட வேண்டும். உதவிக்கு வந்த வயதான ஆசாரியார் தொடங்கும்போதே சொன்னார்: "தம்பி, பனைக்கு நேராய் ஆணி அடிக்க வெளிக்கிட்டால் ஆணிதான் வளையும். துளைச்சுப்போட்டு அடியும்." ஆணியைவிடக் கொஞ்சம் மெல்லிய துளை. அப்படி அடித்த ஒரு மூட்டும் இன்றுவரை ஆடவில்லை.

சுவர்ப்பலகை, கடைகளுக்குத் தரை மாபிள் ஏற்றிவரும் பலட்டுகளைக் கழற்றியது. வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றால் சூட்டில் பதப்படுத்தியது. எம்.பி. என்றால் மெதில் புரோமைட் புகை பிடித்தது. அது கோழிக்கும் வேண்டாம், அடுப்புக்கும் வேண்டாம். பலட் பலகையின் குறை, ஈரம் தாங்காது. கீழ்வரிசைப் பலகைகள் இரண்டாவது மாரியிலேயே ஊறி உதிரத் தொடங்கின. அவற்றை எடுத்துவிட்டுச் சிலாகைத் துண்டுகள் அடித்தாயிற்று.

கூடு 6 அடி நீளம், 4 அடி அகலம். பகலில் வளவெல்லாம் மேயும் ஊர்க்கோழி பத்துப் பன்னிரண்டுக்கு இது காணும். நாள் முழுக்க அடைத்து வளர்ப்பதென்றால் இதில் பாதிக் கோழிக்கே இடம் நெருக்கம். வடகிழக்குப் பக்கம் முழுதும் பலகை, ஏனென்றால் மாரி மழை அங்கிருந்துதான் அடிக்கும். தென்மேற்கு முழுதும் வலை. சோளகம் வீசும் மாதங்களில் உள்ளே நாற்றமே நிற்காது. கூரை தகரம், மேலே கிடுகு. கிடுகு இல்லாமல் சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

இனி வலை. மரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், வலையில் பிடிக்காதீர்கள். எங்கள் செலவில் பெரும்பங்கு அரை அங்குலக் கண் வைத்த, வெல்ட் பண்ணிய கம்பி வலைக்குத்தான் போனது. அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும். மரநாயை வெளியே வைத்திருக்காது. பக்கத்து வளவில் அதைத்தான் அடித்திருந்தார்கள். ஒரு விடியற்காலை பார்த்தால் வலை மூலையில் பிய்ந்து சுருண்டு கிடந்தது, உள்ளே செட்டைதான் மிச்சம். கீரிக்கும் எலிக்கும் அந்தப் பெரிய கண்ணே வாசல்.

தரையும் சிலாகைதான், சுண்டுவிரல் நுழையும் இடைவெளி விட்டு அடித்தது. எச்சம் கீழே விழும் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி விழும், மீதியைச் சுரண்ட வேண்டும். அதற்காகவே கதவை மண்வெட்டி நுழையும் அகலத்தில் வைத்தோம். விழுந்ததைக் குவித்து ஆறவிட்டுத்தான் வாழைக்குப் போடுகிறோம். பச்சையாகப் போட்டால் வேர் வெந்துவிடும். கதவின் இரும்புப் பிணைச்சல்கள் உப்புக்காற்றில் துருவேறி இறுகிவிட்டன. இப்போது பழைய சைக்கிள் டயரை வெட்டி ஆணி அடித்திருக்கிறேன். சத்தமில்லாமல் திறக்கிறது, துருப்பிடிக்கவும் ஏதுமில்லை.

மரக்கூட்டின் பெரிய தொல்லை மழையோ கறையானோ இல்லை, செள் என்ற பொடிப்பூச்சி. பகலில் பலகை இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் கோழியின் இரத்தம் குடிக்கும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் அகப்படாது. இரவில் டோர்ச்சோடு போய் வெள்ளைத் துணியால் கோழி தூங்கும் கொப்பின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். கொப்புகளை ஆணி அடிக்காமல் பள்ளத்தில் செருகி வைத்திருப்பதால் கழற்றி வெளியே கொண்டுவந்து கொதிநீர் ஊற்றி வெயிலில் போட முடிகிறது. வேப்பிலை கட்டித் தொங்கவிட்டால் போதும் என்கிறார்கள். கட்டினேன், கூடு அழகாக இருந்தது.

கால்கள் இரண்டரை அடி உயரம், ஒவ்வொன்றும் சீமெந்துக்கல்லின் மேல். 2024 நவம்பர் வெள்ளத்தில் அடிவளவு குளமாக நின்றபோதும் கோழிகள் நனையாமல் மேலே இருந்தன. எறும்புக்காகக் காலடியில் வைத்த கழிவு ஒயில் பேணிகள் மட்டும் மிதந்து போய் வாழையடியில் கிடந்தன. அதன்பிறகு பேணி வைக்கவில்லை, காலில் ஒயில் பூசுவதோடு சரி.

முட்டையிட மரப்பெட்டி அடிக்க மினக்கெடாதீர்கள். பழைய கடகத்தில் வைக்கல் போட்டு இருட்டு மூலையில் வைத்தால் போதும். இரண்டு வைத்தாலும் ஒன்றுக்குத்தான் வரிசையில் நிற்கும். கொப்பு கடகத்தைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடகத்திலேயே தூங்கி நாறடித்துவிடும்.

அடைக்கோழிக்கு மட்டும் இந்தக் கூடு சரிவராது. 21 நாளில் பொரித்துவரும் குஞ்சின் கால் சிலாகை இடைவெளியில் மாட்டும், ஏணியிலும் அதால் ஏற முடியாது. அதனால் தாயையும் குஞ்சுகளையும் குசினி விறாந்தையில் கரப்பால் மூடித்தான் வைக்கிறோம். பகலில் வெளியே விடும் நேரத்தில் யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும், காகம் வேலியில் தயாராக இருக்கும்.