பழைய டகோமாவா, பழைய ஃபிரான்டியரா? காட்டு வழிக்கு நான் எடுத்த முடிவு

கூடாரமும் தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு தார்ச்சாலை முடிந்த பிறகும் போக வேண்டும், ஆனால் புது வண்டிக்குக் காசைக் கொட்ட மனமில்லை என்று தேடினால் திரும்பத் திரும்ப இந்த இரண்டு பிக்கப் வண்டிகள்தான் கண்ணில் படும். ஒன்று, 2005 முதல் 2015 வரை வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா டகோமா. இன்னொன்று, 2005-ல் தொடங்கி 2021 வரை ஏறக்குறைய அதே உடலோடு விற்ற நிஸான் ஃபிரான்டியர். நான் ஒப்பிட்டது கரடுமுரடான பாதைக்கென்றே வந்த ரகங்களை: டகோமாவில் டிஆர்டி ஆஃப்-ரோடு, ஃபிரான்டியரில் புரோ-4எக்ஸ். இரண்டுமே நான்கு கதவு, 4.0 லிட்டர் வி6 பெட்ரோல், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். கடைசியில் எடுத்தது ஃபிரான்டியர். டகோமா மோசம் என்பதால் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டிலும் தேவைப்படும்போது மட்டும் போடும் நான்கு சக்கர இயக்கம், இரண்டிலும் மெதுவாக, அதிக இழுவையோடு போக உதவும் லோ ரேஞ்ச் கியர், இரண்டிலும் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பின் டிஃபரன்ஷியலைப் பூட்டும் மின் லாக், இரண்டிலும் பில்ஸ்டீன் ஷாக் அப்சார்பர், இரண்டிலும் சுமார் 80 லிட்டர் டேங்க். டகோமா எஞ்சின் 236 குதிரைத்திறன், ஃபிரான்டியர் 261. ஏற்றத்தில் சுமையோடு போகும்போது அந்த வித்தியாசம் காலில் தெரிகிறது, ஃபிரான்டியர் கேட்டவுடன் இழுக்கிறது, டகோமாவுக்கு இன்னும் கொஞ்சம் மிதிக்க வேண்டியிருக்கிறது. அதற்காக டகோமா எஞ்சினைக் குறை சொல்ல முடியாது, நிதானமாக, சத்தமில்லாமல், ஆண்டுக்கணக்கில் உழைக்கும் எஞ்சின் அது. காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் இரண்டிலும் கிடையாது, செயின்தான். பெட்ரோல் விஷயத்தில் இரண்டும் ஒரே மாதிரி குடிக்கும், லிட்டருக்கு ஏழு கிலோமீட்டரும் கொஞ்சமும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய டயர் போட்டால் அதுவும் குறையும்.

சரி, பழைய வண்டி வாங்குகிறவர் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும் என்றால், என்னைக் கேட்டால், அடிப்பாகத்தை. எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம், சீட்டை மாற்றலாம். சேஸிஸ் அரித்துப்போனால் அந்த வண்டி முடிந்தது.

டகோமாவின் பெரிய கேள்விக்குறியே இங்கேதான். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் இடங்களில் ஓடிய டகோமாக்களில் சேஸிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுவது பரவலாகத் தெரிந்த பிரச்சினை. அமெரிக்காவில் இது வழக்காகி, 2005 முதல் 2010 வரையிலான டகோமாக்களையும் சேர்த்து 2016-ல் டொயோட்டா சமரசத்துக்கு வந்தது, அரித்துப்போன சேஸிஸை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டது. அதனால் சேஸிஸ் மாற்றப்பட்ட பழைய டகோமா கிடைத்தால் அது நல்ல செய்தி, ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாற்றப்படாத வண்டி என்றால் டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அடியில் படுக்க வேண்டியதுதான். கமான் பட்டையின் முன்பக்கம் சேஸிஸோடு சேரும் இடம், பின்சக்கரத்துக்கு மேலே வளையும் இடம், ஸ்பேர் டயர் தொங்கும் குறுக்குச் சட்டம், இந்த மூன்றையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே செத்த இரும்பு மந்தமாக ஒலிக்கும், சில நேரம் செதில் செதிலாகக் கையோடு வந்துவிடும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிற சேஸிஸைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். 2005 முதல் 2011 வரையிலான டகோமாக்களில் கமான் பட்டை முறியலாம் என்று 2014-ல் ஒரு ரீகால் (கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவது) வந்தது, அது செய்யப்பட்டிருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணை வைத்துப் பார்த்துவிடலாம்.

ஃபிரான்டியரில் சேஸிஸ் முன்னிருந்து பின்வரை மூடிய பெட்டிச் சட்டம். டகோமாவில் பின்பகுதி திறந்த சி வடிவச் சட்டம். திறந்த சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதால் கரடுமுரடில் அது நல்லது என்று வாதிடுகிறவர்கள் உண்டு, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் குண்டும் குழியுமான பாதையில் சுமையோடு வேகமாகப் போகும்போது ஃபிரான்டியரின் பின்பக்கம் ஒரே கட்டையாக, ஆட்டமில்லாமல் வருவதாக எனக்குப் பட்டது. அப்புறம், பெட்டிச் சட்டம் துருப்பிடிக்காது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், உள்ளே சேறு தங்கினால் அதுவும் அரிக்கும், அதையும் தட்டித்தான் பார்க்க வேண்டும்.

ஃபிரான்டியருக்கும் ஒரு கெட்ட பெயர் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கவே கூடாது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கிறது. 2005 முதல் 2010 வரையிலான வண்டிகளில் அது உள்ளுக்குள் விரிசல் விட்டு, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கியர் எண்ணெயில் கலந்துவிடும். வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது என்பதுதான் கொடுமை, கியர் மாறும்போது நடுக்கம் வந்து நாம் கவனிக்கும்போது கியர்பாக்ஸ் போயிருக்கும். கியர் எண்ணெய் இளஞ்சிவப்பாக, பால் கலந்தது போலக் கலங்கியிருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். நல்ல நிலையில் இருக்கிற 2010 வரையிலான வண்டி என்றால், வாங்கிய வாரமே ரேடியேட்டரை மாற்றிவிட்டு எண்ணெய்க்கென்று தனிக் கூலரைப் போட்டுவிட்டால் அந்தப் பயம் தீர்ந்தது. 2011 முதல் வந்த வண்டிகளில் இந்தப் புகார் அடங்கிவிட்டது. அதே ஆரம்ப வருடங்களில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்து ஒரு மெல்லிய ஊளைச் சத்தம் கேட்கும், பானட்டைத் திறந்து வைத்து ஒருவரை மெதுவாக ஆக்ஸிலரேட்டரை ஏற்றச் சொல்லிவிட்டு எஞ்சின் முன்பக்கம் காதை வைத்தால் தெரிந்துவிடும்.

பிரேக் விஷயத்தில் எனக்கு விவாதமே இல்லை. ஃபிரான்டியரில் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க், டகோமாவில் பின்னால் டிரம். சேற்றுத் தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் மண் போய் உட்கார்ந்துகொள்ளும், கழற்றிச் சுத்தம் செய்யும் வேலை அடிக்கடி வரும்.

உட்காரும் இடம் ஆளைப் பொறுத்தது. டகோமாவில் தரை உயரம், சீட் தாழ்வு, கால் நீட்டி உட்கார்ந்தபடி ஓட்ட வேண்டும், உயரமானவர்களுக்கு நாள் முழுக்க ஓட்டினால் தொடை வலிக்கும். ஃபிரான்டியரில் சீட் நிமிர்ந்து வசதியாக இருக்கிறது, ஆனால் ஸ்டீயரிங் மேலே கீழே மட்டும்தான் நகரும், நம் பக்கம் இழுக்க முடியாது. உள்ளலங்காரம் இரண்டிலும் பழசு, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

சாமான் ஏற்றும் பின்தொட்டியைப் பொறுத்தவரை டகோமாதான் மேல். அதன் தொட்டி உட்புறம் இரும்பு அல்ல, கலப்புப் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, சாமான் இழுத்தாலும் பெயின்ட் உரியும் கவலை இல்லை. ஃபிரான்டியரில் இரும்புத் தொட்டி, லைனர் என்ற பாதுகாப்புப் பூச்சு பூசியிருந்தால் மட்டும் நிம்மதி. புரோ-4எக்ஸின் தொட்டியில் சாமானைக் கட்ட வரும் தண்டவாளம் போன்ற சட்டங்கள் நன்றாக இருக்கின்றன. நான்கு கதவு வண்டியில் சின்னத் தொட்டி ஐந்தடிதான், படுக்க நினைத்தால் கால் இடிக்கும். தொட்டியிலேயே தூங்கப் போகிறவர்கள் ஆறடித் தொட்டி வண்டியைத் தேடுங்கள், இரண்டு கம்பெனியிலும் உண்டு, ஆனால் வண்டி நீளமாகிவிடும், குறுகிய காட்டுப் பாதையில் திருப்பும்போது அந்த நீளம் உறுத்தும்.

இப்போது யாரும் கேட்காத ஒரு விஷயம், எனக்கு மிக முக்கியமானது: சுமை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று எழுதியிருக்கும். இந்த இரண்டு வண்டியிலும் அது பொதுவாக 450-லிருந்து 550 கிலோ வரைதான், வண்டிக்கு வண்டி மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பெரியவர்கள் ஏறினாலே 300 கிலோ. தொட்டிக்கு மேல் மூடி போட்டால் 80, கூரைக் கூடாரம் 60, தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ. அதற்குள் 480 வந்துவிட்டது, இன்னும் சமையல் சாமான், ஃபிரிட்ஜ், பேட்டரி, இரும்பு பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் எதுவும் ஏற்றவில்லை. இந்தச் சுமையோடு கமான் பட்டை உட்கார்ந்துவிட்ட பழைய வண்டியை மலைப்பாதையில் இறக்குவது ஆபத்து. அதனால்தான் ஏற்கனவே பம்பர், ரேக், கூடாரம் எல்லாம் மாட்டி ‘ரெடி டு கோ’ என்று விற்கிற வண்டிகளை நான் தவிர்த்தேன். எத்தனை வருடம் அந்த எடையைச் சுமந்திருக்கிறது என்று கணிக்கவே முடியாது. மொட்டையாக, சாதாரண டயரோடு நிற்கிற வண்டியே என் தேர்வு.

ஓட்டிப் பார்க்கும்போது நேராகச் சாலையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். மண் தரைக்குக் கொண்டுபோய் 4-ஹை (சாதாரண வேகத்தில் நான்கு சக்கர இயக்கம்) போடுங்கள், நிறுத்தி நியூட்ரலில் 4-லோ (லோ ரேஞ்சில் அதே இயக்கம்) போடுங்கள், பின் லாக்கை அழுத்துங்கள். விளக்கு கொஞ்ச நேரம் மின்னிவிட்டு நிலையாக எரிய வேண்டும், மின்னிக்கொண்டே இருந்தால் லாக் விழவில்லை என்று அர்த்தம். பல வண்டி உரிமையாளர்கள் வருடக்கணக்கில் அந்தப் பொத்தானைத் தொட்டிருக்கவே மாட்டார்கள், அப்படிப்பட்ட வண்டியில் லாக்கை இயக்கும் ஆக்சுவேட்டர் இறுகிப்போயிருக்கும். தார்ச்சாலையில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், முன்னும் பின்னும் இறுகிக்கொண்டு திணறும். கல் படாமல் காக்க அடியில் இருக்கிற ஸ்கிட் தட்டில் கீறலும் நசுங்கலும் எவ்வளவு என்று பாருங்கள், வண்டி எங்கெல்லாம் போயிருக்கிறது என்பதை விற்கிறவரைவிட அது நேர்மையாகச் சொல்லும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது.

பிறகு ஏன் ஃபிரான்டியர்? பெயருக்காகவே டகோமாவின் விலை இறங்க மறுக்கிறது. ஒரே பணத்துக்கு டகோமாவில் பழைய, அதிகம் ஓடிய வண்டி கிடைக்கிறது, ஃபிரான்டியரில் சில வருடம் புதியது, குறைவாக ஓடியது கிடைக்கிறது. 2011-க்குப் பிந்தைய, உப்பு படாத, மொட்டையான புரோ-4எக்ஸ் கண்ணெதிரே நிற்கும்போது, துருப்பிடித்த சேஸிஸுக்குப் பெயர் விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான்கைந்து வருடத்தில் திரும்ப விற்கப் போகிறீர்களா, சேஸிஸ் சுத்தமான டகோமா கிடைத்ததா, யோசிக்காமல் அதை எடுங்கள், போட்ட பணம் பெரும்பாலும் திரும்ப வரும். வண்டி ஓயும்வரை நானே ஓட்டுவேன் என்கிறவர்களுக்கு ஃபிரான்டியர். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர், புதுக் கமான் பட்டை, புது ரேடியேட்டர், இரண்டு டிஃபரன்ஷியலுக்கும், முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் புது எண்ணெய் என்று எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே முடித்துவிடலாம்.