மகளிர் பரிசோதனைத் தொகுப்பில் சிஏ-125: சினைப்பைப் புற்றுநோயிலிருந்து மீண்டவளின் மதிப்பீடு

மதுரையில் பல கிளைகளுடன் இயங்கும் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம், நாற்பது வயதைக் கடந்த பெண்களுக்கென்று விற்கும் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பைப் பற்றியது இந்த மதிப்பீடு. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, ஹீமோகுளோபின், சிறுநீரகம், கல்லீரல் என வழக்கமாக வரும் சோதனைகளோடு சிஏ-125 என்ற சோதனையையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். சினைப்பைப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியலாம் என்று துண்டறிக்கையின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதால், சாதாரணத் தொகுப்பை விட்டுவிட்டுப் பெண்கள் கூடுதல் பணம் கொடுத்து இதை வாங்குவதற்கு அந்த ஒரு சோதனையே காரணமாக இருக்கிறது. இதே போன்ற தொகுப்புகளை வேறு பல நிலையங்களும் விற்பதால், பெயரைக் குறிப்பிடாமலே எழுதுகிறேன்.

நான் சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டவள். வயிற்றுக்குள் பரவி மூன்றாம் நிலையை எட்டியிருந்தபோது கண்டறியப்பட்டு, பெரிய அறுவைச் சிகிச்சையும், கார்போபிளாட்டின், பாக்ளிடாக்ஸல் மருந்துகளுடன் கீமோவும் பெற்றேன். இப்போது ஒரு நோயாளிகள் ஆதரவுக் குழுவில் இருந்துகொண்டு, நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட பெண்களோடும் அவர்களது குடும்பத்தாரோடும் பேசுகிறேன். மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டங்களுக்குச் சென்று அறிகுறிகளை விளக்குகிறேன். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 47,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டிருக்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கும் கருப்பை வாய்க்கும் அடுத்த இடம் இதற்குத்தான். ஆகவே, "எந்த டெஸ்ட் எடுத்தா முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்?" என்று எல்லாக் கூட்டங்களிலும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை வைத்திருப்பதாகச் சொல்லித்தான் இந்தத் தொகுப்பை விற்கிறார்கள். அந்த விடை தவறானது என்பதை விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், பாராட்ட வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். இரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்த பெண் சொன்ன நேரத்துக்கு வந்தார். புதிய ஊசியைக் கண்முன்னே பிரித்தார். குழாய்களில் பெயரையும் வயதையும் எழுதி, சரிதானா என்று காட்டிய பிறகே பெட்டிக்குள் வைத்தார். கீமோவுக்குப் பிறகு எனக்கு நரம்பு கிடைப்பது கடினம் என்பதால், இரத்தம் எடுப்பவரின் கைப்பக்குவம் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண் பொறுமையாக, ஒரே குத்தில் எடுத்துக் கொடுத்தார். அறிக்கையும் அன்று இரவே வந்துவிட்டது. ஆய்வகத்தின் வேலையில் எனக்குக் குறை இல்லை. அவர்கள் விற்கும் நம்பிக்கையில்தான் குறை இருக்கிறது.

சிஏ-125 என்பது இரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தின் அளவு. ராபர்ட் பாஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1981இல் இதை அடையாளம் காட்ட உதவும் எதிர்ப்பொருளை உருவாக்கினார்கள். 1983இல் சினைப்பைப் புற்றுநோய் உள்ள பெண்களின் இரத்தத்தில் இதை அளந்து, சிகிச்சையின்போது நோய் குறைவதையும் கூடுவதையும் பின்தொடர முடியும் என்று காட்டினார்கள். இயல்பான அளவையும் கூடுதலான அளவையும் பிரிக்கும் 35 அலகு என்ற எல்லைக்கோடும் அப்போதிலிருந்து வருவதுதான். நோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்த பெண்ணுக்குச் சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்ப்பதில் இந்தச் சோதனை சிறப்பாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் என்னுடைய எண் இறங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்து நானும் என் வீட்டாரும் அடைந்த ஆறுதலுக்கு அளவில்லை. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணிடம் இதே சோதனையைச் செய்யும்போது நிலைமை மாறிவிடுகிறது. மாதவிடாய் நாட்களிலும், கர்ப்ப காலத்திலும், கருப்பை நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), இடுப்புக்குழித் தொற்று, கல்லீரல் நோய், இதயச் செயலிழப்பு ஆகியவற்றிலும் இந்த எண் கூடும். நம் நாட்டில் அதிகம் காணப்படும் வயிற்றுக் காசநோயில், வயிற்றில் நீர் கோத்து, சிஏ-125 நூற்றுக்கணக்கில் ஏறி, பார்ப்பதற்குச் சினைப்பைப் புற்றுநோயைப் போலவே இருப்பதும் உண்டு. மறுபுறம், முதல் நிலையில் இருக்கும் சினைப்பைப் புற்றுநோயில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த எண் இயல்பாகவே இருக்கும். எந்த நிலையில் கண்டுபிடித்தால் முழுமையாகக் குணமாக்கும் வாய்ப்பு மிக அதிகமோ, அந்த நிலையிலேயே பாதிப் பேரை இது தவறவிடுகிறது. துண்டறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதைப் பெரிய ஆய்வுகளில் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 78,216 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சிஏ-125 சோதனையும் யோனிவழி ஸ்கேனும் செய்து பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. சோதிக்கப்பட்ட பிரிவில் இந்த நோயால் இறந்தவர்கள் 118 பேர்; சோதிக்கப்படாத பிரிவில் 100 பேர். அதாவது சோதனையால் இறப்பு குறையவில்லை. அதைவிட என்னை உலுக்கிய தகவல் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. புற்றுநோய் இல்லாமலேயே, இருக்கலாம் என்று முடிவு வந்த பெண்கள் 3,285 பேர். அவர்களில் 1,080 பேருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அவர்களில் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு ஏற்பட்டது. நோயே இல்லாத பெண்கள் அவர்கள். வயிற்றை நெடுகத் திறந்து தைத்த தழும்போடு வாழ்கிற என்னால் அந்த எண்ணை வெறும் எண்ணாகக் கடந்துவிட முடியவில்லை.

பிரிட்டனில் உஷா மேனன் தலைமையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு இன்னும் கவனமானது. அங்கே சிஏ-125 ஒரு முறை என்ன காட்டியது என்பதை விட, ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்பதைக் கணக்கிட்டார்கள். அந்த முறையில் ஆரம்ப நிலைப் புற்றுநோய்கள் சற்றுக் கூடுதலாகக் கண்டறியப்பட்டன. அப்படியும் 2021இல் வெளியான இறுதி முடிவில் இறப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. இந்த நோய் உள்ளவர்கள் அனைவரும் ஆவலோடு எதிர்பார்த்திருந்த ஆய்வு அது. பல்லாண்டுகள் இவ்வளவு நுட்பமாகச் செய்தும் கிடைக்காத பலன், மதுரையில் ஆண்டுக்கொரு முறை, பல நேரங்களில் வாழ்நாளில் ஒரே முறை, எடுக்கும் சோதனையில் கிடைத்துவிடும் என்று விற்பதை எப்படி ஏற்பது? அறிகுறி எதுவும் இல்லாத, மரபுவழி ஆபத்தும் இல்லாத பெண்களுக்கு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இந்தத் தொகுப்பை எங்கள் வீட்டில் வாங்கியவர் என் நாத்தனார். முன்பதிவு செய்யும்போது குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் என்னை மனத்தில் வைத்து உண்டு என்று சொல்ல, அப்படியானால் இந்தத் தொகுப்புதான் உங்களுக்கு ஏற்றது என்று மறுமுனையில் இருந்தவர் சொல்லியிருக்கிறார். இரவு ஒன்பது மணிக்குமேல் செயலியில் அறிக்கை வந்தது: 58, பக்கத்தில் சிவப்பு எழுத்தில், அளவு அதிகம் என்று குறிக்கும் ஒரு 'எச்'. மருத்துவர் யாரும் பேசவில்லை; அழைக்க ஓர் எண்ணும் தரப்படவில்லை. "அண்ணி, எனக்கும் வந்துடுச்சா?" என்று அவர் தொலைபேசியில் அழுததைக் கேட்டுக்கொண்டு, மாதவிடாய் எப்போது வந்தது, வலி இருக்கிறதா என்று நான்தான் ஒவ்வொன்றாக விசாரித்தேன். பிறகு மகளிர் மருத்துவரிடம் காட்டி, ஸ்கேன் எடுத்து, எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது. அதற்குள் அந்தக் குடும்பம் பட்ட பாட்டுக்குத் தொகுப்பின் விலைப்பட்டியலில் இடமில்லை.

நான் என் நாத்தனாருக்கு இரத்த உறவு இல்லை. என் நோயால் அவருடைய ஆபத்து இம்மியளவும் கூடவில்லை. யாருக்கு நோய் வந்தது, அவர் உங்களுக்குத் தாயா, உடன்பிறந்தவளா, அத்தையா, சித்தியா என்று ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் போதும். சினைப்பை, மார்பகப் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டி, குடும்பவழியாக வரும் பிஆர்சிஏ1 என்ற மரபணு மாற்றம் எனக்கு இருப்பது சிகிச்சையின்போது தெரியவந்தது. என் தங்கைக்கும் என் மகளுக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பொதுவாக நூறு பெண்களில் ஒருவர் என்ற அளவில் இருக்கும் வாழ்நாள் ஆபத்து, பிஆர்சிஏ1 மாற்றம் உள்ளவர்களுக்கு எண்பது வயதுக்குள் ஏறத்தாழ 44 விழுக்காடாகவும், பிஆர்சிஏ2 மாற்றம் உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 17 விழுக்காடாகவும் உயர்வதாக 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. அவர்களுக்கு வேண்டியது மரபியல் ஆலோசனையும், குடும்பத்தில் கண்டறியப்பட்ட அந்த ஒரு மாற்றத்தைத் தேடும் மரபணுச் சோதனையும். மாற்றம் இருப்பது உறுதியானால், குழந்தைப்பேறு முடிந்தபின் உரிய வயதில் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொள்வது, இந்த நோயைத் தடுக்க இன்று நம்மிடம் உள்ள வலுவான வழி. இப்படி உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர்களைப் பிரித்தறிய இந்த நிலையம் எதுவும் செய்யவில்லை. ஆபத்து இல்லாதவருக்குப் பயத்தை விற்றது.

இயல்பான எண் செய்யும் தீங்கு இதைவிடப் பெரியது. எங்கள் குழுவுக்கு வந்த ஒரு பெண், வயிறு உப்பி, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிற தொந்தரவு தொடங்கியபோது, முந்தைய ஆண்டின் தொகுப்பில் சிஏ-125 இயல்பாக இருந்ததை நம்பி, கேஸ் மாத்திரையிலேயே மாதங்களைக் கழித்திருக்கிறார். பாப் ஸ்மியர் எடுத்தேன், எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்பவர்களையும் அடிக்கடி பார்க்கிறேன். அது கருப்பை வாய்க்கான சோதனை, சினைப்பையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தொடர்ந்த வயிற்று உப்பசம், அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, சீக்கிரமே வயிறு நிறைதல், அடிக்கடியும் அவசரமாகவும் சிறுநீர் கழிக்க வேண்டியிருத்தல் ஆகியவை புதிதாகத் தோன்றி, மாதத்தில் பன்னிரண்டு முறைக்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், இப்படிப்பட்ட பெண்ணுக்கு, குறிப்பாக ஐம்பது வயதைக் கடந்தவருக்கு, முதலில் சிஏ-125, அது 35 அல்லது அதற்கு மேல் இருந்தால் வயிற்றுக்கும் இடுப்புக்குழிக்கும் ஸ்கேன் என்று முறை வகுத்திருக்கிறார்கள். எண் இயல்பாக இருந்தாலும் தொந்தரவு நீடித்தால் மறுபடி வரச் சொல்கிறார்கள். அறிகுறி உள்ள பெண்ணுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்து எடுக்கும்போது இதே சோதனை உயிர் காக்கும் பாதையின் முதல் படியாகிறது. அந்த நான்கு அறிகுறிகளை அச்சிட, துண்டறிக்கையின் பின்பக்கம் வெறுமையாகவே இருக்கிறது.

என்னைப் போல் சிகிச்சை முடித்தவர்களுக்கு: மருத்துவர் எழுதிக் கொடுக்கும் தனிச் சோதனையாக சிஏ-125ஐ இந்த நிலையத்தில் எடுக்கலாம், நானும் அங்கேதான் எடுக்கிறேன். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவிடும் முறை மாறுவதால், ஒரே இடத்தில் எடுத்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். ஆனால் மருத்துவர் சொன்னதைவிட அடிக்கடி எடுக்காதீர்கள். அறிகுறி இல்லாமல் எண் மட்டும் ஏறியவர்களில், உடனே கீமோ தொடங்கியவர்களும் அறிகுறி வரும்வரை பொறுத்திருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே கால அளவே வாழ்ந்தார்கள் என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. முன்கூட்டித் தொடங்கியவர்கள் நல்ல வாழ்க்கைத் தரத்தோடு கழித்த காலம் குறைவாகவே இருந்தது. புதிய மருந்துகள் வந்த பிறகு மருத்துவர்களின் கணக்கு மாறியிருக்கலாம். அதை உங்கள் மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், தொகுப்புச் சலுகையைப் பார்த்து அல்ல. அறிக்கையைச் செயலியில் திறக்காமல் நேரடியாக மருத்துவருக்கு அனுப்பும்படி நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், கேட்டால் செய்கிறார்கள். இரவு நேரத்தில் தனியாக அந்த எண்ணைப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இரத்தம் எடுக்கும் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். இந்தத் தொகுப்புக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. கிளை மேலாளரிடம் நேரில் சென்று, முகப்பு வாசகத்தை நீக்குங்கள், முன்பதிவில் இரத்த உறவா என்று கேளுங்கள், எண் கூடியிருந்தால் அறிக்கை போவதற்கு முன் மருத்துவர் ஒருவர் அழைத்துப் பேசட்டும் என்று எழுத்துவடிவில் கொடுத்திருக்கிறேன். அவர் மரியாதையாகக் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். துண்டறிக்கை இன்னும் மாறவில்லை. அதுவரை, பரிசோதனை செய்துகொள்ள விரும்பும் பெண்கள் இதே நிலையத்தின் சாதாரணத் தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் அதிலேயே வந்துவிடுகின்றன. கருப்பை வாய்ப் பரிசோதனையை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ மகளுக்கோ சினைப்பைப் புற்றுநோயோ இளவயதில் மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தால், அவர்களுடைய சிகிச்சைக் காகிதங்களை எடுத்துக்கொண்டு மரபியல் ஆலோசனை உள்ள புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மரபணுச் சோதனையை முடிந்தவரை நோய் வந்தவரிடமிருந்தே தொடங்கச் சொல்லுவார்கள் என்பதால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.